பம்புப் புராணம்

எஞ்சினை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தாகிவிட்டது. சிலிண்டர்களைக் கடைந்தாயிற்று. புதுப் பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. இந்தக் கட்டத்திலேதான் வண்டியின் சொந்தக்காரருக்குத் திடீரென்று சிக்கன புத்தி உதயமாகிறது. "பழைய வாட்டர் பம்பு நன்றாய்த்தானே சுற்றுகிறது? அதையே மாட்டிவிடுங்களேன்!" என்கிறார். பந்தல், மேளம், விருந்து என்று வாரி இறைத்துவிட்டு, தாலிச் சரட்டுக்கு மட்டும் வீட்டில் பழைய நூல் கிடக்கிறதா என்று தேடுகிறவரை நாம் என்னவென்று சொல்லுவது?

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் பழைய அம்பாஸடர் வண்டியைக் குடும்பத்தில் ஒருவராகப் பாவித்துக் காப்பாற்றும் அன்பர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 1960களில் சென்னைக்கருகே வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியை விட மனமில்லாதவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இந்த வாரம் பம்பைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

பம்பு என்றதும் கிணற்றிலிருந்து மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது ஏற்றுவதுமில்லை, இறக்குவதுமில்லை. ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்றிவரச் செய்கிறது. பெட்ரோல் எரிவதால் உண்டாகும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்தத் தண்ணீர்தான் எஞ்சினிலிருந்து வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது. ஆதியில் பம்பே இல்லாத வண்டிகள் இருந்தன. ஃபோர்டு கம்பெனியாரின் புகழ்பெற்ற 'டி' மாடலில், ஆரம்பத்தில் வந்த சுமார் 2,500 வண்டிகள் நீங்கலாக, மற்றவற்றில் பம்பு கிடையாது. சுடுதண்ணீர் மேலே போகும், குளிர்ந்த தண்ணீர் கீழே வரும் என்ற இயற்கை விதியை நம்பியே அவை ஓடின. பிற்பாடு எஞ்சின்களின் வேகமும் சக்தியும் பெருகவே, அந்த நம்பிக்கை மட்டும் போதவில்லை.

அம்பாஸடரின் 1489 ஸி.ஸி. எஞ்சினில் விசிறியும் பம்பும் ஒரே தண்டில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே பெல்ட் சுற்றுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவு, பம்பும் மெதுவு. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் பனகல் பார்க்கைச் சுற்றி வண்டி ஓட்டியவர்களுக்கு இதன் தாத்பரியம் உடனே விளங்கும். நெடுஞ்சாலையில் சமர்த்தாக ஓடும் வண்டி உஸ்மான் ரோடில் ஊர்ந்தவுடன் பெருமூச்சு விடுவதற்கு இதுவே காரணம். அங்கே பம்பு தேய்ந்திருந்தால் கேட்க வேண்டியதில்லை. ஹெட் வளையும், காஸ்கெட் வெடிக்கும், கடைசல் கூலி முழுவதும் ஆவியாகும்.

ஆகையால் புதுப் பம்பு போட வேண்டும். ஆனால் புதிது என்பதாலேயே நல்லது என்று சொல்லிவிட முடியுமா? அம்பாஸடர் உற்பத்தி 2014-ல் நின்று போயிற்று. இன்றைக்குப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடிலும் கிடைக்கும் பம்புகள் பல கை செய்தவை. "அம்பாஸடர் பம்பு" என்று மொட்டையாகக் கேட்பதே பிசகு. பழைய பெட்ரோல் எஞ்சின் ஒன்று. டீஸல் எஞ்சின் வேறு. 1990களில் வந்த 1800 ஸி.ஸி. இஸுஸு எஞ்சின் இன்னும் வேறு. மேல் சட்டை ஒன்றுதான், உள்ளே ஆசாமி வேறு! பழைய பம்பைக் கையோடு எடுத்துச் சென்று, இரண்டையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உத்தமம். புல்லி உட்காரும் முகம் ஓரிரண்டு மில்லிமீட்டர் முன்பின்னாக இருந்தாலும் பெல்ட் கோணலாக ஓடி, ஓரம் தேய்ந்து போகும். உள்ளேயிருக்கும் இறக்கைச் சக்கரம் ஆழமாக இறங்கினால் இரும்பில் உராயும். எட்டாமல் நின்றால் தண்ணீரைச் சும்மா கலக்கிக்கொண்டிருக்கும்.

எஞ்சின் வெறுமையாக மேடையில் கிடக்கும்போது இதையெல்லாம் சாவகாசமாகச் சோதிக்கலாம். வண்டிக்குள் ஏற்றிய பிறகோ, ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவே கையை நுழைத்துத் தவம் செய்ய வேண்டியதுதான். பழைய காஸ்கெட்டை முகம் கீறாமல் சுரண்டி எடுக்க வேண்டும். பசையை மெல்லிசாகத் தடவினால் போதும். அப்பி வைத்தால் மிகுதி உள்ளே பிதுங்கி ரேடியேட்டரின் நுண்குழாய்களில் போய்க் குடியேறிவிடும். போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமல்ல. எது எந்தத் துவாரத்திலிருந்து வந்ததோ அங்கேயே போக வேண்டும். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி வர வேண்டும். பிறகு கையால் சுற்றிப் பார்த்தால் உராய்வு இருந்தால் தெரிந்துவிடும்.

பம்பின் அடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. உள்ளேயுள்ள ஸீல் கெட்டால் அதன் வழியாகத் தண்ணீர் சொட்டும். "பழுதாகிவிட்டேன், மாற்றுங்கள்" என்று பம்பு விடுக்கும் விண்ணப்பம் அது. நம்மவர்களில் சிலர் விண்ணப்பத்தைப் படிப்பதற்குப் பதிலாக எம்-ஸீலை வைத்துத் துவாரத்தை அடைத்துவிடுகிறார்கள்! வெளியேற வழியில்லாத தண்ணீர் பேரிங்குக்குள் புகுகிறது. பேரிங் பிடுங்கிக்கொண்டால் விசிறி ரேடியேட்டரையே கிழித்துவிடக்கூடும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலோரப் பேட்டைகளில் குழாய்க் கிணற்று நீர் உப்பு. அதை ஊற்றி ஊற்றி எஞ்சினுக்குள் சுண்ணாம்பும் துருவும் படிந்திருந்தால் புதுப் பம்பு மட்டும் என்ன செய்யும்? பிரித்திருக்கும்போதே அந்தச் சேற்றைக் கழுவிவிட வேண்டும். பிறகு காய்ச்சி வடித்த நீரும் கூலண்ட் திரவமும் கலந்து ஊற்ற வேண்டும். "சென்னையில் பனியா பெய்கிறது, இது எதற்கு?" என்று கேட்பவர்கள், அந்தத் திரவம் துருவைத் தடுப்பதையும், கொதிநிலையை உயர்த்துவதையும் மறந்துவிடுகிறார்கள். ரேடியேட்டர் மூடியும் சாமானியமல்ல. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தை அது தாங்கி நின்றால், வெறும் தண்ணீர்கூட சுமார் 111 டிகிரி வரையில் கொதிக்காது. 1990களில் சென்னையின் சுந்தரம் பாஸ்னர்ஸ் கம்பெனி அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே இத்தகைய மூடிகளைச் செய்து அனுப்பியது. அப்படிப்பட்ட ஊரில் தளர்ந்த மூடியின் மேல் கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு ஓட்டுவது நியாயமா?

எஞ்சினை ஓடவிட்ட பின் முதல் நூறு கிலோமீட்டரில் புது பெல்ட் சற்றுத் தளரும். அதை மறுபடி இழுத்துக் கட்டி, காஸ்கெட் ஓரத்தில் ஈரம் தெரிகிறதா என்று விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஈரமில்லையென்றால் மகாபலிபுரம் வரையில் தாராளமாகப் போய் வரலாம். ஒரு கூஜா தண்ணீர் எடுத்துச் செல்வதில் தவறில்லை - நாம் குடிப்பதற்கு.