முடிந்த ஓட்டத்தில் வெல்லும் வீரர்கள்

குதிரைப் பந்தயத்தில் வெல்லும் சூத்திரத்தை விற்போர், பத்தாண்டுப் பெறுபேறுகளைக் கணினியில் இட்டுச் சோதித்ததையே சான்றாகக் காட்டுகிறார்கள். அது சான்றாகாது. பயனற்ற நூறு விதிகளை அதே பெறுபேறுகளில் சோதித்தாலும், இருபதுக்கு ஒன்று என்ற வழமையான அளவுகோலின்படி ஏறத்தாழ ஐந்து தற்செயலாகவே தேறிவிடும். தேறாத மிகுதியை எந்த வியாபாரி காட்டினார்?

இதைவிட மோசமான ஏமாற்று ஒன்றுண்டு. பதிவேடுகளில் பெரும்பாலும் இருப்பது, ஒன்றுக்கு எத்தனை என்ற இறுதி விகிதம். பணம் கட்டும் வேளையில் அது எவருக்கும் தெரியாது. தெரியாததை வைத்துக் கணக்கிட்டு இலாபம் என்கிறார்கள்!

ஹொங்கொங்கில் பழைய பெறுபேறுகளைத் திரட்டிச் செல்வந்தரான பில் பெண்டரை இவர்கள் தவறாமல் சாட்சிக்கு அழைப்பார்கள். அவருடைய 1994ஆம் ஆண்டுக் கட்டுரையை வாசித்தார்களா, தெரியவில்லை. கணிப்பு முறையை உருவாக்கப் பயன்படாத ஓட்டங்களிலேயே அதைச் சோதிக்கவேண்டும் என்கிறார் அவர். பொதுமக்களின் பந்தய விகிதத்தையும் தம் கணிப்போடு சேர்த்துக்கொண்டார். அங்கு பந்தயக் கழகம் சுமார் 17 வீதத்தை முதலிலேயே கழித்துவிடும். அதைத் தாண்டிய பின்னரே முதற்சதம்.

சம்பளக்காரனிடம் சூத்திரம் விற்பவர், அடுத்த ஆறு மாதத் தெரிவுகளை ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன்னரே திகதியிட்டு வெளியிடட்டும். பிறகு விலை பேசலாம்.