‘எப்படியும் அடைக்கும்’ என்கிறவருக்கு

“ஸ்டென்ட் வைத்தாலும் எப்படியும் திரும்ப அடைக்கும், வாய்க்கால் தூர்ந்து போகாமலா இருக்கும்?” சிலாவத்துறைப் பக்கம் பொடி விற்க வரும் பேச்சாளர் ஒருவர் பல வருடமாக இதையே ஓதுகிறார். தலையாட்டும் காக்காமாரைப் பார்த்தால் எனக்குத்தான் நெஞ்சு நோகிறது.

முதலில் வாய்க்கால். அகத்திமுறிப்பு வாய்க்கால் மண்; இதயக் குருதிக்குழாய் உயிருள்ள சதை. அதைத் திறந்து வைக்கும் வலைக்குழலான ஸ்டென்ட் விரியும்போது உட்சுவர் காயப்படும். காயம் ஆறுகையில் சதை மிஞ்சி வளர்ந்தால் பாதை ஒடுங்கும். அது தூர் அல்ல, தழும்பு.

அடுத்தது “எப்படியும்”. பிரான்சில் 1986இல் முதல் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. அன்றைய வெறும் உலோக ஸ்டென்டுகளில் நூற்றுக்கு 20, 30 ஒடுங்கியது உண்மை. அதனால்தான் சதை வளர்ச்சியை அடக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. 2003இல் அமெரிக்கா அனுமதித்தது. இன்று பெரும்பாலும் பத்துக்குள்தான். பேச்சாளரின் கணக்கு 2003ஐ இன்னும் எட்டவில்லை.

“துருப்பிடிக்கும்” என்கிறார். இது வள்ளத்து ஆணி இல்லை, நானா.

என்னை உறங்கவிடாத வரி வேறு: “குளிசைதான் விஷம், நிறுத்திப் பாருங்கள்.” ‘அடைப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு வருத்தங்களைப் போட்டுக் கட்டிவிட்டோம். ஒன்று மேலே சொன்ன ஒடுக்கம். மாதக்கணக்கில் மெல்ல வரும். நடக்கையில் நெஞ்சிறுக்கமாக முன்னறிவிப்புத் தரும். மற்றது இரத்தக்கட்டி. உலோகத்தைச் சவ்வு மூடுமுன் சட்டென உறைந்து மாரடைப்பாகும். அதைத் தடுக்கத்தான் அஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சேர்த்து, வழக்கமாக 6 முதல் 12 மாதம் தருகிறார்கள். அதன்பிறகும் அஸ்பிரின் பெரும்பாலும் தொடரும். இவற்றை இடையில் கைவிடுவது கட்டி பிடிக்கும் முக்கிய காரணங்களில் ஒன்று. ஆக, கேட்டவர் நிறுத்துகிறார், ஸ்டென்ட் அடைக்கிறது, அடுத்த கூட்டத்தில் இவர் “சொன்னேனா இல்லையா” என்கிறார். வலையை அறுத்துவிட்டுக் கடலில் மீனில்லை என்பவனை அரிப்புத் துறையில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்?

“திரும்ப அடைத்தால் வழியே இல்லை.” உண்டு. குழாய்க்குள் படமெடுத்து, ஸ்டென்ட் சரியாக விரியவில்லையா, சதை வளர்ந்ததா என்று பார்ப்பார்கள். பிறகு உயரழுத்த பலூன், மருந்து பூசிய பலூன், இன்னொரு ஸ்டென்ட், தேவைப்பட்டால் பைபாஸ்.

சீனி வருத்தம் ஒடுக்கத்தைக் கூட்டும் என்று மட்டும் அவர் வாய் திறப்பதில்லை. அதற்குப் பொடி விற்காது போலும்.

குளிசையை நிறுத்துவதானால் ஸ்டென்ட் வைத்தவரைக் கேளுங்கள். கட்டி பிடித்தால் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். முசலிக்கும் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கும் எவ்வளவு தூரம் என்பது பஸ்ஸில் வந்து போகிற பேச்சாளருக்கும் தெரியும்.