கிதாரின் மெல்லிய குரலும் நமது உரத்த பெருமையும்

கடலூரிலும் சிதம்பரத்திலும் நம்மவர் கூடும் மேடைகளில் அந்தலூஸைப் பற்றிய பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. குர்துபாவின் நூலகம், கர்னாத்தாவின் அல்ஹம்ரா, இஷ்பீலியாவின் மினாரா என்று அடுக்கிக்கொண்டே வந்து, முத்தாய்ப்பாக, "இன்று உலகமே மயங்கும் கிதாரும் நாம் கொடுத்ததுதான்!" என்று பேச்சாளர் கையை உயர்த்துவார், கூட்டம் ஆர்ப்பரிக்கும். கூட்டம் கலைந்தபின் அவரை அணுகி, அந்தக் கிதாரை ஒருநாளேனும் அமர்ந்து கேட்டதுண்டா என்று வினவிப் பாருங்கள். "அது வெள்ளைக்காரன் வாத்தியம், நமக்கு எதற்கு?" என்ற விடை அதே வாயிலிருந்து வரும். கொடுத்தவர் நாமாம், கேட்பது மட்டும் ஆகாதாம்! பெருமை பேசும்போது நம்முடையதாகவும், செவி கொடுக்க வேண்டியபோது அயலாருடையதாகவும் ஒரு பொருள் எப்படி இருக்க முடியும்?

நாம் ஈண்டுக் கருதுவது, ஸ்பானிய மரபில் பயின்ற தனிக் கிதாரும், 'பல்லியம்' என்று பழந்தமிழ் சொன்ன பெருவாத்தியக் குழுவும் எதிரெதிரே இருந்து நடத்தும் இசையுரையாடலை. அவ்வகையில் உலகம் மிகுதியும் அறிந்தது, ஹோவாகின் ரோட்ரிகோ 1939இல் பாரிஸில் இருந்தபோது இயற்றிய 'கொன்சியர்ட்டோ தெ அரன்ஹுவேஸ்' என்னும் படைப்பு. 1940 நவம்பர் 9ஆம் நாள் பார்சிலோனாவில் அது அரங்கேறிற்று. கிதாரை மீட்டியவர் ரெஹினோ சாயின்ஸ் தெ லா மாசா. மூன்று பகுதிகள்; எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 22 நிமிடங்கள்.

அரன்ஹுவேஸ் என்பது மத்ரீதுக்குத் தெற்கே ஸ்பானிய மன்னர்களின் அரண்மனையும் பூந்தோட்டங்களும் அமைந்த ஊர். அத்தோட்டங்களின் பெயரால் இசை இயற்றிய ரோட்ரிகோ அவற்றைக் கண்ணால் கண்டவர் அல்லர். 1901இல் பிறந்த அவருக்கு மூன்றாம் வயதில் தொண்டை அடைப்பான் நோய் கண்டு பார்வை போயிற்று. மலர்களின் மணத்தாலும், பறவைகளின் குரலாலும், நீரூற்றின் சலசலப்பாலும் தோட்டத்தை அறிந்தவர், தாம் அறிந்ததைப் புள்ளி எழுத்தில் இசைக்குறிப்பாக எழுதி, பிறரைக் கொண்டு படியெடுக்கச் செய்தார்.

இந்த இசையின் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்பதை இனிப் பார்ப்போம். கிதார் எளிய குரல் படைத்த கருவி. வயலின்காரர் வில்லை இழுக்கும் வரை அவருடைய நாதம் நிற்கும். குழலூதுபவர் மூச்சுள்ளவரை நாதம் நிற்கும். கிதாரிலோ, நரம்பை விரல் விட்ட கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்குகிறது. இத்தகைய ஒன்றைப் பல வயலின்களுக்கும் எக்காளங்களுக்கும் நடுவே உட்கார வைத்தால் அது என்ன ஆகும்? சந்தைக் கூச்சலில் குழந்தை கதை சொன்ன கதைதான். கிதாரும் பல்லியமும் ஒத்துவராது என்று இசைவாணர் பலர் எண்ணியதில் வியப்பில்லை.

ரோட்ரிகோ இதனை அவிழ்த்த விதத்தில்தான் அப்படைப்பின் உயிர் இருக்கிறது. கிதாரை உரக்கக் கத்தச் செய்ய அவர் முயலவில்லை, மற்றவர்களை அடக்கினார். அவருடைய பல்லியத்தில் முரசு இல்லை. முழவு வகை எதுவுமே இல்லை. முதற்பகுதியில் முதலில் வாய்திறப்பது கிதாரே. அது தன் தாளத்தை நிறுவும் வரை பின்னால் மெல்லிய சுருதி மட்டும் நிற்கிறது. பிறகு வயலின்கள் வருகின்றன, குழல்கள் வருகின்றன. ஆனால் கிதார் பேசும் இடங்களில் அவர்கள் ஒருவர் ஒருவராகப் பேசுகிறார்கள், அல்லது மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இன்று பெரிய அரங்குகளில் கிதாருக்கு ஒலிவாங்கி வைப்பதும் உண்டுதான். ஆயினும் அந்த அடக்கம் இசைக்குறிப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒலிவாங்கி வந்து சேர்த்ததன்று.

இரண்டாம் பகுதியைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். கிதார் மெதுவாகச் சுருதிக்கூட்டங்களை மீட்ட, அதன்மேல் ஒரு குழல் நீண்ட துயரப்பண் ஒன்றை எடுக்கிறது. 'இங்கிலீஷ் ஹார்ன்' என்று அதற்குப் பெயர். பெயரைக் கண்டு கொம்பு என்று நினைத்துவிடக் கூடாது. அது நம் நாகசுரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் மரக்குழல். சிதம்பரத்து வீதிகளில் நாகசுரம் கேட்டு வளர்ந்த செவிக்கு அதன் குரல் தொலைதூரத்து உறவினரின் குரலாகவே படும். குழல் சொன்னதைக் கிதார் வாங்கி, நெளிவுகளும் கமகங்களும் சேர்த்துத் திரும்பச் சொல்கிறது. மீண்டும் குழல், மீண்டும் கிதார். நெடுநேரத்துக்குப் பின், கிதார் தனியே புலம்பி ஓய்ந்தபிறகுதான், பல்லியம் முழுவதும் அதே பண்ணைப் பெருங்குரலில் எடுக்கிறது. எளியவன் தன் குறையைச் சொல்லி முடிக்கும் வரை ஊரே வாய் பொத்தி நின்று, அவன் முடித்தபின் அவனுக்காக ஊரே அழுவதைப் போன்றது அது.

இப்பகுதி 1937இல் குண்டுவீச்சில் அழிந்த குவெர்னிக்கா நகருக்கான ஒப்பாரி என்று ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ரோட்ரிகோவின் மனைவி விக்டோரியா காம்ஹி தம் வாழ்க்கை நினைவுகளில் சொன்னது வேறு. மணமான புதிதில் தோட்டங்களில் கழித்த இனிய நாள்களின் நினைவும், தம் முதற்கரு கலைந்துபோன துயரமும் அதிலே கலந்திருக்கின்றன என்றார் அவர். இஸ்தான்பூலில் பிறந்த அந்த அம்மையார் தாமும் ஒரு பியானோ கலைஞர். பெரும்போரின் ஒப்பாரி என்றால்தான் இசைக்கு மதிப்பு என்று எண்ணுவோருக்கு, ஒரு வீட்டின் துக்கம் போதாது போலும்!

இனி, "நாம் கொடுத்தது" என்னும் பேச்சுக்கு வருவோம். அரபு படித்தவர் என்ற முறையில் நாம் இதைக் கணக்கிட்டுத்தான் சொல்ல வேண்டும். 'குய்தாரா' என்னும் ஸ்பானியச் சொல் அரபியின் 'கீதாரா'விலிருந்து போயிற்று என்பது அகராதிகள் ஏற்கும் செய்தியே. ஆனால் அந்த அரபுச் சொல் யாருடையது? கிரேக்கரின் 'கிதாரா'. நாமே கடன் வாங்கியதை வைத்துக்கொண்டு கொடையாளி என்று மார்தட்டலாமா? 'அல்ஊது' என்னும் நம் கருவி ஐரோப்பாவில் 'லூட்' ஆயிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊதின் கழுத்தில் மெட்டுகள் இல்லை, கிதாருக்கு உண்டு. ஊதின் வயிறு பேரிக்காய்போல் குவிந்தது. கிதாரின் முதுகு தட்டையானது. இன்றைய கிதாரின் உடலளவை வகுத்தவர் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தச்சர் அந்தோனியோ தெ தோரஸ். அவர் பிறந்த அல்மேரியாவின் பெயர் 'அல்மரிய்யா' என்னும் அரபுப் பெயரே. அதற்காக அவருடைய உளியும் இழைப்புளியும் நம்முடையவை ஆகிவிடுமா?

ஸிர்யாப் என்னும் இசைமேதை 822இல் குர்துபாவுக்கு வந்ததையும், ஊதில் ஐந்தாம் நரம்பைச் சேர்த்ததாக வரலாற்றாசிரியர் குறிப்பதையும் மேடையார் மறவாமல் சொல்வார்கள். இப்னு பாஜ்ஜாவைப் பற்றிச் சொல்பவர் எவருமில்லை. 1138ஐ ஒட்டி மறைந்த அந்தத் தத்துவப் பேரறிஞர், கிறித்தவர்களின் பாடல் முறையைக் கிழக்கத்தியப் பாடல் முறையோடு கலந்து, அந்தலூஸுக்கே உரிய ஒரு புதுநடையை உண்டாக்கினார் என்று 13ஆம் நூற்றாண்டில் எழுதிய அத்தீஃபாஷி பதிவு செய்திருக்கிறார். நம் அறிஞர் அயலாரிடம் செவி கொடுத்துக் கேட்டார், கற்றார், கலந்தார். அந்தலூஸ் அந்தலூஸாக இருந்தது அதனால்தான். 1567இல் இரண்டாம் பிலிப்பு மன்னன் கர்னாத்தா முஸ்லிம் வழியினரின் மொழியையும் உடையையும் அவர்களுடைய 'சம்ப்ரா' ஆடல்பாடலையும் தடைசெய்து ஆணையிட்டான். பிறர் இசைக்குச் செவியை அடைத்துக்கொள்வது அந்த மன்னனின் வழி. இப்னு பாஜ்ஜாவின் வழியன்று.

மார்க்கத் தீர்ப்பைச் சொல்லி நம் வாயை அடைக்க முன்வருவோர்க்கும் ஒரு வார்த்தை. நரம்புக் கருவிகள் கூடா என்பதே ஃபிகஹு அறிஞர்களில் பெரும்பான்மையோர் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபிலும் அதுவே வலுவான கூற்று. குர்துபாவின் இப்னு ஹஸ்ம் மறுத்தெழுதினார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் நரம்புக் கருவிகளை விலக்கினாலும், அவற்றின் இனிமைக்காக விலக்கவில்லை. அவை குடிகாரர் அவைகளின் அடையாளமாக இருந்ததைக் காரணம் காட்டினார்கள். பேணுதல் கருதி எந்த இசையையும் கேளாதிருப்பவர் நம் மரியாதைக்கு உரியவர். அவரோடு நமக்கு வழக்கில்லை. நம் வழக்கு, மகன் நிக்காஹுக்குக் கடலூர் மண்டபத்தில் ஆள் உயர ஒலிபெருக்கிகளை நிறுத்தித் தெருவையே அதிரவைத்துவிட்டு, மறுநாள் இந்த இசைக்கு மட்டும் தீர்ப்பு வாசிக்கிறவரோடுதான். 1982இல் 'இளைய நிலா' பாட்டு வந்த நாள் முதல் கிதார் அவர் வீட்டுக் கூடத்தில் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. அப்போதெல்லாம் அது வெள்ளைக்காரன் வாத்தியமாக அவருக்குத் தோன்றவில்லை.

மரபை உரிமை கொண்டாடுவதற்கும் ஒரு முறை உண்டு. அதைக் காட்டியவர் நம் சிதம்பரத்திலேயே இருந்திருக்கிறார். மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1930களின் தொடக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். யாழ் என்னும் கருவி தமிழரிடமிருந்து மறைந்து நூற்றாண்டுகள் பல ஆகியிருந்தன. "எங்களிடம் யாழ் இருந்தது" என்று மேடையில் முழங்கிவிட்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். அதற்கும் கைதட்டல் கிடைத்திருக்கும். அவரோ பழைய நூல்களையும் உரைகளையும் அலசி, நரம்புகளை எண்ணி, சுருதிகளைக் கணக்கிட்டு, ஆண்டுக்கணக்கில் உழைத்தார். அவ்வுழைப்பின் பயனான 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறிற்று. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார்.

950இல் மறைந்த அல்ஃபாராபி இசைக்கென்றே 'கிதாபுல் மூஸீக்கா அல்கபீர்' என்னும் பெருநூலை அரபியில் எழுதிவைத்தார். ஊதின் கழுத்தில் எந்தச் சுரம் எந்த இடத்தில் பிறக்கும் என்று அளந்து காட்டும் நூல் அது. நம் மதரஸாக்களில் அரபு ஓதிப் பட்டம் பெற்று வெளிவருவோரில் எத்தனை பேர் அதன் ஏடுகளைப் புரட்டியிருப்பர்? அந்தலூஸைப் பற்றி ஆண்டுதோறும் முழங்குவோரில் எத்தனை பேர் அத்தீஃபாஷியின் பெயரையாவது கேள்விப்பட்டிருப்பர்? படிக்கவும் மாட்டோம், கேட்கவும் மாட்டோம், உரிமை மட்டும் எமக்கே என்பது எந்த ஊர் நியாயம்?

அடுத்த கூட்டத்தில் கிதாரை நாம் கொடுத்தோம் என்று எழுந்து பேசும் அன்பரை நாம் விடப்போவதில்லை. அந்த இரண்டாம் பகுதியில் கிதாருக்கு முன்னால் பண்ணை எடுக்கும் குழல் எது என்று கேட்போம்.