போர்க்காலத்தில் திரையரங்கை மூடுவது யாருக்காக?

இந்தியா-பாகிஸ்தான் மோதலின்போது, 2025 மே 7ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் புது டெல்லியில், கன்னாட் பிளேஸ் உள்ளிட்ட பகுதிகளில், பாதுகாப்பு ஒத்திகைக்காகப் பதினைந்து நிமிடம் விளக்குகள் அணைக்கப்பட்டன. மறுநாள் ‘பூல் சூக் மாஃப்’ என்ற இந்திப் படத்தின் தயாரிப்பாளர்கள், பாதுகாப்பு ஒத்திகைகளைக் காரணம் காட்டி, 9ஆம் தேதி திரையரங்குகளுக்கு வரவேண்டிய படத்தை நேரடியாக ஓடிடியில் வெளியிடப் போவதாக அறிவித்தார்கள். கமல்ஹாசன் ‘தக் லைஃப்’ இசை வெளியீட்டு விழாவைத் தள்ளிவைத்தார். ஐபிஎல் ஒரு வாரம் நிறுத்தப்பட்டது. மூன்று முடிவுகளையும் ஒரே தராசில் வைத்துத் தேசப்பற்று என்று பாராட்டியவர்கள் உண்டு. ஆனால் மூன்றும் ஒன்றல்ல. போர் நடக்கும்போது ஒரு நகரம் தன் கேளிக்கைகளை நிறுத்துவதா வேண்டாமா என்பதை உயிர்ப் பாதுகாப்பு மட்டுமே தீர்மானிக்க வேண்டும். ‘இந்த நேரத்தில் சினிமா கேட்கிறதா?’ என்ற கண்ணியக் கேள்விக்கு அதில் இடமில்லை.

ஐபிஎல் நிறுத்தத்துக்குத் திடமான காரணம் இருந்தது. மே 8 அன்று தரம்சாலாவில் பஞ்சாப், டெல்லி அணிகள் ஆடிக்கொண்டிருந்தபோது விளக்குகள் அணைந்தன. ஆட்டம் பாதியில் கைவிடப்பட்டு ரசிகர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்கள் மூடப்பட்ட நிலையில், அணிகளை ஊர் ஊராகக் கொண்டுசெல்ல வழியில்லை. கமலின் முடிவையும் குறை சொல்வதற்கில்லை: அது கொண்டாட்டம், கொண்டாட்டத்துக்கு நாள் மாற்றலாம். ஆனால் டெல்லியில் திரையரங்குகளை மூட யாரும் உத்தரவிடவில்லை. ஓடிக்கொண்டிருந்த படங்கள் ஓடின. ஒரு படம் மட்டும் திரையரங்கைக் கைவிட்டு ஓடிடிக்குப் போவதால் எந்த எல்லைக்கும் கூடுதல் பாதுகாப்பு கிடைத்துவிடாது. திரையரங்கு நிறுவனமான பிவிஆர் ஐநாக்ஸ் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போய் ஓடிடி வெளியீட்டுக்குத் தடை வாங்கியது. பிறகு சமரசமாகி, மே 23 அன்று அந்தப் படம் திரையரங்குகளிலேயே வெளியானது. அதே மே மாதத்தில் தமிழ்நாட்டில் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’க்குக் குடும்பம் குடும்பமாக மக்கள் போனார்கள். இலங்கையிலிருந்து கடல் கடந்து வரும் ஒரு குடும்பத்தின் கதை அது. அதைப் பார்த்ததால் யாருடைய தேசப்பற்றும் குறைந்துவிடவில்லை.

இந்தக் கேள்வி புதிதல்ல. 1939 செப்டம்பர் 3 அன்று போர் அறிவித்த கையோடு பிரிட்டன் தன் எல்லாத் திரையரங்குகளையும் மூடியது. குண்டு விழுந்தால் கூட்டமாகச் சாவார்கள் என்ற அச்சம்தான் காரணம். பெர்னார்ட் ஷா பத்திரிகைக்குக் கடிதம் எழுதி அந்த முடிவைக் கடுமையாகச் சாடினார். இரண்டு வாரங்களுக்குள் பெரும்பாலான அரங்குகள் திறந்துவிட்டன. மறு ஆண்டு லண்டன் மீது உண்மையிலேயே குண்டுகள் பொழிந்தபோதும் அவை மூடப்படவில்லை. விமானத் தாக்குதல் எச்சரிக்கை வந்தால் திரையில் அறிவிப்பு வரும். போக விரும்புகிறவர்கள் போகலாம், படம் தொடரும். 1939இல் சுமார் 100 கோடியாக இருந்த ஆண்டு டிக்கெட் விற்பனை 1945இல் 150 கோடியைத் தாண்டியது. இந்தியாவை ஆண்ட அதே அரசு இங்கேயும் அரங்குகளைத் திறந்தே வைத்திருந்தது. கச்சா ஃபிலிம் தட்டுப்பாட்டால் ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்றது. 1943இல், அரசு அங்கீகரித்த செய்திப் படங்களை ஒவ்வொரு காட்சியிலும் காட்டியாக வேண்டும் என்று சட்டமே போட்டது. டெல்லியின் ரீகலும் பிளாசாவும் அந்த ஆண்டுகளின் அரங்குகள்தாம். மக்கள் எங்கே கூடுகிறார்கள் என்பது ஆட்சியாளர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கல்கத்தாவில் ‘கிஸ்மத்’ மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடியது அந்தக் காலத்தில்தான். 1942இல் ஜப்பானியக் குண்டுக்குப் பயந்து பாதி காலியான சென்னையில், 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

‘பஹல்காம் பயங்கரவாதத் தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டிருக்கிறார்கள், எல்லையோரப் பூஞ்ச்சில் பீரங்கிக் குண்டுக்குப் பொதுமக்கள் பலியாகிறார்கள், டெல்லியில் பாப்கார்ன் கேட்கிறதா?’ என்பது எளிதில் தள்ளிவிட முடியாத ஆட்சேபம். ஆனால் திரையரங்குக்குப் போகாதவர்கள் அந்த இரவுகளில் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தார்கள். கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று அங்கே நடக்காததெல்லாம் நடந்ததாகச் சொல்லப்பட்டது. விமானத் தாக்குதல் சங்கொலியைப் பின்னணி இசையாக ஓட்டினார்கள். அப்படிச் செய்யாதீர்கள், உண்மையான சங்கை மக்கள் அலட்சியப்படுத்திவிடுவார்கள் என்று மத்திய அரசே ஊடகங்களுக்கு அறிவுறுத்த வேண்டியதாயிற்று. போரையே கேளிக்கையாக்கியது செய்தி அறை. கண்ணியப் பாடம் மட்டும் திரையரங்குக்கு. ‘ஆபரேஷன் சிந்தூர்’ என்ற ராணுவ நடவடிக்கையின் பெயரைப் படத் தலைப்பாகப் பதிவு செய்ய முண்டியடித்த தயாரிப்பாளர்களை விடவா, ஒரு குடும்பப் படத்துக்கு டிக்கெட் வாங்கியவர் இறந்தவர்களை அவமதித்துவிட்டார்? அரங்கை மூடினால் அன்றைய வருமானத்தை இழப்பவர்கள் டிக்கெட் கிழிப்பவரும் துப்புரவுப் பணியாளரும் வாசலில் நிற்கும் ஆட்டோக்காரரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆட்சேபம் பாதுகாப்பு. அதுதான் உண்மையான கேள்வி. டெல்லிக்கு அது நன்றாகவே தெரியும். 2005 மே 22 அன்று லிபர்ட்டி, சத்யம் அரங்குகளில் குண்டு வெடித்தது. அதற்கும் முன்னால், 1997 ஜூன் 13 அன்று உப்ஹார் அரங்கில் மின்மாற்றியிலிருந்து பரவிய தீயில் 59 பேர் இறந்தார்கள். வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்ததால் பலர் புகையில் மூச்சுத் திணறியே மாண்டார்கள். அன்று திரையில் ஓடிய படம் 1971 போரைப் பற்றிய ‘பார்டர்’. எதிரி யாரும் வரவில்லை. அடைபட்ட வழிதான் கொன்றது. அமைதிக் காலத்தில் பாதுகாப்பில்லாத அரங்கு போர்க்காலத்தில் திடீரென்று ஆபத்தாவதில்லை, எப்போதும் ஆபத்தாகவே இருந்தது. எல்லையோர நகரங்களில் இரவுக் காட்சியை ரத்து செய்வது நியாயம், மோதல் வந்தால் அங்கே குண்டு விழுகிறது. டெல்லியிலும் அந்த நிலை வந்தால் மூடத்தான் வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது எளிது. புகைபிடிக்கும் காட்சி உள்ள எந்தப் படமும் இன்று அதுபற்றிய எச்சரிக்கை இல்லாமல் ஓடுவதில்லை. அதுபோல ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் அந்த அரங்கின் அவசர வழிகள் எங்கே, சங்கு ஒலித்தால் எங்கே போக வேண்டும் என்று அரை நிமிடம் காட்டலாம். வணிக வளாகங்களுக்குள் மூன்றாவது, நான்காவது மாடியில் இருக்கும் அரங்குகளையும், ஆள் நிறைந்த காட்சி நேரத்திலேயே, ஒத்திகையில் சேர்க்கலாம். அடுத்த ஒத்திகைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே டெல்லி அரசும் அரங்கு உரிமையாளர்களும் உட்கார்ந்து இதைப் பேசி முடிக்க வேண்டும்.