கிளைக் கூட்டமும் இரவு உணவும்

வேலை நாட்களில் இரவுச் சமையலை எளிதாக்குவது எப்படி என்ற கேள்வி, வார இதழ்களின் மகளிர் பக்கங்களுக்கு உரியது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. கட்சிக் கிளைகளின் நிகழ்ச்சி நிரலில் அது இடம்பெறுவதில்லை. ஆனால், மாலை ஆறரை மணிக்குக் கூடும் கிளைக் கூட்டத்தில் பெண் தோழர்கள் ஏன் குறைவாக இருக்கிறார்கள், வந்தவர்களும் விவாதம் சூடுபிடிக்கும் நேரத்தில் ஏன் எழுந்து செல்கிறார்கள் என்று கேட்டால், விடை அடுக்களையில் கிடைக்கும். இரவு உணவு ஓர் அமைப்புப் பிரச்சனை. அதற்கும் முன்பாக, அது உழைப்பு நேரம் பற்றிய பிரச்சனை.

ஒரு நிமிடம்

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். இவ்வேலைகளில் ஈடுபட்டவர்கள் பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம் மட்டுமே. 2024ஆம் ஆண்டு ஆய்வில் பெண்களின் நேரம் 289 நிமிடங்களாகக் குறைந்தது. ஆண்களின் நேரமும் 88 நிமிடங்களாகக் குறைந்தது. அதாவது 202 நிமிடங்களாக இருந்த இடைவெளி, ஐந்தாண்டுகளில் 201 நிமிடங்களாகியிருக்கிறது. ஒரே ஒரு நிமிடம்!

மிக்சியும் குக்கரும் எரிவாயு அடுப்பும் சமையலின் வேகத்தைக் கூட்டியிருக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அடுப்பின் முன் நிற்பவர் மாறவில்லை. கருவிகள் மாறினாலும் உழைப்புப் பிரிவினை தானாக மாறுவதில்லை என்ற பழைய உண்மையைத்தான் இந்த ஒரு நிமிடம் சொல்கிறது.

பன்னிரண்டு மணி நேரச் சட்டமும் அடுப்பும்

எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் தனக்காக என்ற முழக்கத்தில், அந்தக் கடைசி எட்டு மணி நேரத்திற்குள்தான் இரவு உணவு வருகிறது. அந்த நேரத்தின் மீதே இன்று கை வைக்கப்படுகிறது. கர்நாடகம் 2023இல் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்து சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய இத்தகைய மசோதா, தொழிற்சங்கங்களும் இடதுசாரிகளும் எதிர்த்ததால் திரும்பப் பெறப்பட்டது. குஜராத் 2025இல் அதே வழியில் இறங்கியது.

காலை எட்டு மணிக்கு வேலையில் நுழைபவர் இரவு எட்டு மணிக்கு வெளியே வந்து, பேருந்திலோ புறநகர் ரயிலிலோ நின்றபடி வீடு சேரும்போது ஒன்பதைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் யார் சமைப்பது? ஆணின் 12 மணி நேர வேலை, வீட்டில் ஒரு பெண் ஊதியமின்றிச் சமைத்துக் காத்திருப்பாள் என்ற அனுமானத்தின் மீதே நிற்கிறது. பெண்ணே 12 மணி நேரம் வேலை செய்தால் அவளுக்கு இரண்டாவது ஷிப்ட் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது. ஆகவே வேலை நேர நீட்டிப்புக்கு எதிரான போராட்டம், குடும்பத்தின் இரவு உணவுக்கான போராட்டமும் ஆகும்.

இந்த நெருக்கடிக்குச் சந்தையிடமும் ஒரு தீர்வு இருக்கிறது: பொட்டலத்தில் அடைத்த உணவு, செயலியைத் தட்டினால் வாசலுக்கு வரும் உணவு. ஆனால் கட்டடத் தொழிலாளியின் கூலியில் அது அன்றாட உணவாக முடியாது. அந்த உணவைச் சுமந்து வருபவரோ, உரிய சமூகப் பாதுகாப்பற்ற மற்றொரு தொழிலாளி. ஊரார் உண்டு முடித்த பிறகுதான் அவர் வீட்டில் இலை விழும்.

எளிய உணவு புதியதல்ல

விரைவாகச் சமைக்கும் கலையை உழைக்கும் மக்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தின் தொழிலாளர் குடும்பங்களில் கடலை மாவைக் கரைத்துக் கிளறும் பிட்லாவும் சோள ரொட்டியும் இரவு உணவு. வங்கத்தில் அரிசியோடு உருளைக்கிழங்கையும் அதே பானையில் வேகவைத்து, கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பிசைந்து உண்கிறார்கள். கேரளத்தில் கஞ்சியும் பயறும். கொங்கு நாட்டில் அரிசியும் பருப்பும் சேர்ந்த சோறு. வட இந்தியாவெங்கும் கிச்சடி.

ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் பாசிப்பருப்பு, நான்கைந்து டம்ளர் தண்ணீர், மஞ்சள், உப்பு, கையில் கிடைக்கும் காய் அல்லது ஒரு பிடி கீரை. குக்கரில் நான்கு விசில் வரும்வரை வைத்து, நெய்யிலோ எண்ணெயிலோ சீரகமும் மிளகும் தாளித்துக் கொட்டினால் அரை மணி நேரத்தில் ஒரு குடும்பத்தின் உணவு தயார். கொண்டைக்கடலையைக் காலையில் ஊறவைத்துவிட்டுச் சென்றால் மாலையில் வேகவைத்துச் சுண்டலாக்கலாம். பாத்திரம் ஒன்றே என்பதால் துலக்கும் உழைப்பும் குறைவு. ஏப்ரல் 2025இல் ஒன்றிய அரசு சிலிண்டருக்கு 50 ரூபாய் உயர்த்திய பிறகு, எரிவாயு மிச்சம் என்பதும் சிறிய செய்தியல்ல.

எளிமை என்பது சத்துக் குறைவாக மாறிவிடக் கூடாது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகை உள்ளவர்கள். பருப்பும் கீரையும் முட்டையும் இரவுத் தட்டில் இருக்க வேண்டும். சமைத்தவள் கடைசியில் மிச்சத்தை உண்ணும் வழக்கம் ஒழிந்து, அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும்.

இத்தகைய உணவைச் சமைக்க ஓர் ஆண் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ள முடியும். ஆனால் 'உதவி செய்வது' போதாது. என்ன சமைப்பது என்று முடிவெடுப்பது, பருப்பு தீர்ந்துவிட்டதை நினைவில் வைப்பது, காலையில் ஊறவைப்பது ஆகியவையும் உழைப்பே. அந்தப் பொறுப்பு முழுமையாகக் கைமாறும் நாட்கள் வாரத்தில் இருக்க வேண்டும்.

அடுக்களைக்கு வெளியே

பொது உணவகங்களையும் குழந்தைகள் காப்பகங்களையும் கம்யூனிசத்தின் முளைகள் என்று லெனின் 1919இலேயே அடையாளம் காட்டினார். இந்திய உழைக்கும் மக்களின் அனுபவமும் இதற்குச் சான்று. மும்பையில் ஆலைத் தொழிலாளர்களுக்குத் தம் வீடுகளில் சமைத்துப் போட்ட 'கானாவளி' பெண்கள், வட்டிக்காரர்களின் பிடியில் சிக்கியிருந்தனர். கம்யூனிஸ்ட் தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்டிருந்த பிரேமா புராவ், 1975இல் அன்னபூர்ணா மகளிர் மண்டலத்தைத் தொடங்கி அவர்களைத் திரட்டி, வங்கிக் கடன் பெறச் செய்தார். கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் 2020 முதல் மக்கள் உணவகங்களை நடத்தி 20 ரூபாய்க்குச் சாப்பாடு வழங்கினர். சென்னையில் 2013இலும் பெங்களூருவில் 2017இலும் மாநகர உணவகங்கள் தொடங்கப்பட்டன.

இவற்றை ஏழைகளுக்கான சலுகை என்று சுருக்காமல், வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் மாலையில் பாத்திரத்தில் வாங்கிச் செல்லும் தரமான பொது அடுக்களைகளாக விரிவாக்கக் கோர வேண்டும். அங்கே சமைப்பவருக்கு உரிய ஊதியமும் வேண்டும். பள்ளி மதிய உணவுத் தொழிலாளருக்கு ஒன்றியத் திட்டம் வகுத்த மதிப்பூதியம் 2009 முதல் மாதம் 1,000 ரூபாய்தான். ஒரு பெண்ணின் அடுப்பை அணைக்க இன்னொரு பெண்ணை அரைக் கூலிக்கு நிறுத்துவது விடுதலையாகாது.

கிளையிலிருந்து தொடங்கலாம்

மாநாட்டுப் பந்தலில் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்க ஆண் தோழர்கள் விடிய விடிய உற்சாகத்தோடு நிற்பதை ஒவ்வொரு மாவட்டமும் அறியும். அதே தோழர், செவ்வாய்க்கிழமை மாலை தன் வீட்டு அடுப்பைப் பற்றவைப்பதில்லை என்றால், குறை திறமையில் இல்லை.

கிளைகள் செய்யக்கூடியவை பெரியவை அல்ல. பெண் உறுப்பினர்களைக் கேட்டுக் கூட்ட நேரத்தை முடிவு செய்வது. கூட்ட நாளன்று அவர்கள் வீட்டு இரவுச் சமையல் அங்குள்ள ஆண்களின் பொறுப்பு என்று தீர்மானிப்பது. முடிந்த இடங்களில் கூட்டம் முடிந்ததும் முறைவைத்துச் சமைத்த கிச்சடியைக் குழந்தைகளோடு சேர்ந்து உண்டு கலைவது. அடுத்த அமைப்பு அறிக்கையில் பெண்களின் வருகை எண்ணிக்கையோடு, கூட்டத்தின் இறுதிவரை இருந்த பெண்களின் எண்ணிக்கையையும் பதிவு செய்யலாம். விவாதம் முடியும்வரை அவர்கள் அமர்ந்திருக்கும் கிளையில், எடுக்கப்படும் தீர்மானங்களும் வேறாக இருக்கும்.