திடலுக்குள் வருமா சட்டம்?

போன வாரம் காப்பாரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். படிவம் இரண்டு படிக்கும் அக்கா மகள் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். பள்ளிக் காற்பந்துக் குழுவுக்குப் பெயர் கொடுக்கப் போனாளாம். "பெண்கள் குழு இல்லை, நெட்பால் விளையாடு" என்று அனுப்பிவிட்டார்களாம். ஒரு பந்தைக்கூட உதைத்துக் காட்ட விடவில்லை.

"மாமா, சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமம்னு படிக்கிறோமே. அது திடலுக்குள்ள வராதா?"

வரும். ஆனால் எவ்வளவு தூரம் வரும் என்பதுதான் கேள்வி.

நம் கூட்டரசு அரசியலமைப்பின் 8(1) பிரிவு எல்லாரும் சமம் என்கிறது. 2001இல் 8(2) பிரிவில் 'பால்' என்ற சொல் சேர்க்கப்பட்டது. சட்டங்களிலும் அரசு வேலை நியமனங்களிலும் பால் வேறுபாடு காட்டக்கூடாது. கர்ப்பிணி என்பதால் தற்காலிக ஆசிரியை வேலையை இழந்த நூர்ஃபாடில்லாவுக்கு, 2011இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றத்தில் கைகொடுத்தது இந்தச் சொல்தான். ஆனால் கல்வியைப் பற்றிய 12ஆவது பிரிவில் மதம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் மட்டுமே உள்ளன. பால் இன்னும் அங்கே ஏறவில்லை. ஆகவே அக்கா மகளுக்கு முக்கியப் பிடிமானம் 8(1)தான்.

சமம் என்றால் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துவது அல்ல; நியாயமான காரணம் இருந்தால் பிரிக்கலாம். அந்தக் காரணத்தை நீதிமன்றம் எவ்வளவு ஆழமாகத் துருவும்? அமெரிக்காவில் இதற்கு மூன்று படிகள் உண்டு. இனத்தை வைத்துப் பிரித்தால் மிகக் கடுமையான சோதனை, பாலை வைத்துப் பிரித்தால் நடுத்தரம், மற்ற பெரும்பாலானவற்றுக்கு இலேசானது.

நம் நாட்டில் வழக்கறிஞர் சிவராசா வழக்கை நினைவில் கொள்ளலாம். 2010இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அவர் தோற்றார். ஆனாலும் அந்தத் தீர்ப்பு ஓர் அளவுகோலைத் தந்தது. உரிமையைக் குறைக்கும் அரசு நடவடிக்கைக்குத் தகுந்த நோக்கம் வேண்டும், வழிமுறை அந்த நோக்கத்தோடு பொருந்த வேண்டும், அளவு மீறக்கூடாது.

1973இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இரண்டு மாணவிகள் இப்படித்தான் வழக்காடினார்கள். டென்னிசுக்கும் நெடுந்தூர ஓட்டத்துக்கும் அவர்கள் பள்ளிகளில் பெண்கள் குழு இல்லை. ஆண்கள் குழுவில் சேரவும் தடை. அந்த மாணவிகளின் திறமையைப் பார்க்காமல், 'பெண்கள்' என்ற ஊகத்தை வைத்துத் தடுத்தது தவறு என்றது நீதிமன்றம். உடல் மோதும் விளையாட்டுகளை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. காற்பந்து சற்றுச் சிக்கலானதுதான். அடிபடும் என்று பள்ளி சொன்னால் அதையும் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால், கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை. சொல்லும் காரணம் இந்தப் பிள்ளையைப் பற்றியதா, பெண் பிள்ளைகள் எல்லாரையும் பற்றிய ஊகமா?

அக்காவிடம் வழக்குப் பேச்சே எடுக்கவில்லை. பள்ளிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொன்னேன். தடைக்கு நோக்கம் என்ன? தடை அதற்கு உதவுகிறதா? தேர்வில் ஓட விட்டுப் பார்க்கும் சின்ன வழி இல்லையா?

கடிதத்தை அவளே எழுதினாள். எழுதி முடித்ததும் காலணியை மாட்டிக்கொண்டு பந்தோடு வெளியே ஓடினாள்.