முதுகுக்கு ஒரு பாலன்ஸ் ஷீட்

யோகா கற்றுக்கொள்ள ரிஷிகேஷுக்கு ரயில் ஏறுகிறவர்கள் பாவம். எங்கள் கரையாம்புத்தூர்க்காரர்களுக்கு அந்தச் செலவே கிடையாது. புதுச்சேரிக்கு பஸ் ஏறினால் போதும். 1910-ல் அங்கே வந்து இறங்கிய ஸ்ரீ அரவிந்தர், வாழ்க்கை முழுவதையுமே யோகமாக்கிப் பூரண யோகம் என்றார். 1968-ல் சுவாமி கீதானந்தகிரி (இவர் டாக்டரும்கூட) ஆனந்தா ஆசிரமத்தைத் தொடங்கினார். ஜனவரி முதல் வாரத்தில் சுற்றுலாத் துறை சர்வதேச யோகா திருவிழா நடத்துவது பல வருட வழக்கம். வெளிநாட்டுக்காரர்கள் காலை மடக்கிக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். நம் ஆட்கள் சுற்றி நின்று சுண்டல் சாப்பிட்டபடி பார்ப்பார்கள்!

இத்தனை பக்கத்தில் இருந்தும் பாகூர் கொம்யூனில் எல்லோரும் யோகி ஆகிவிடவில்லை. காரணம் சோம்பல் பாதி, குழப்பம் பாதி. ஹட யோகா, அஷ்டாங்கா, ஐயங்கார், வின்யாசா, ஹாட் யோகா, போதாததற்கு பிலாட்டீஸ்... ஓட்டல் சர்வர் டிபன் ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது. எதைத்தான் ஆர்டர் செய்வது?

நான் பி.காம். எனவே கம்பெனி கணக்காகவே பார்த்துவிடுகிறேன்.

இந்தப் பெயர்களில் பாதிக்கு ஹெட் ஆபீஸ் ஒன்றுதான். அது மைசூர் அரண்மனை. 1930-களில் மகாராஜா ஆதரவில் அங்கே யோகசாலை நடத்தியவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். அவரிடம் படித்தவர்கள் ஆளுக்கொரு கிளை திறந்தார்கள்.

பட்டாபி ஜோயிஸ் திறந்தது அஷ்டாங்க வின்யாசம். மூச்சோடு சேர்ந்து ஒரு ஆசனத்திலிருந்து அடுத்ததற்கு ஓட்டம். வியர்வை கொட்டும், தெம்பு கூடும். இளவட்டங்களுக்கு ஏற்றது.

பி.கே.எஸ். ஐயங்கார், குருவுக்கு மைத்துனர். சின்ன வயதில் காசநோய் வரை பார்த்த நோஞ்சான் உடம்பு. அதனாலேயோ என்னவோ, பெல்ட், கட்டை, நாற்காலி, கயிறு எல்லாம் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒரே நிலையில் நிதானமாக நிற்கச் சொன்னார். விறைத்த மூட்டுக்காரர்களுக்கு வசதி. (ஐயங்கார் பேக்கரியில் எல்லோரும் பன் வாங்குகிற மாதிரி, ஐயங்கார் யோகாவையும் எல்லோரும் செய்யலாம்!)

கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார், படிப்பில் இன்ஜினீயர். 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தைத் தொடங்கினார். ஆளுக்குத் தகுந்த ஆசனம் என்பது அவர் பாலிஸி. டெய்லர் அளவெடுத்துத் தைக்கிற மாதிரி.

இன்னொரு ஹெட் ஆபீஸ் பாய்க்குப் பேர்போன பத்தமடை. மலாயாவில் டாக்டராக இருந்துவிட்டு ரிஷிகேஷ் போன சுவாமி சிவானந்தர் அந்த ஊர்க்காரர். அவர் சீடர்கள் வழியாகப் பரவியதில் ஆசனம், மூச்சு, ஓய்வு மூன்றும் சமமாக இருக்கும். கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, வேலைக்குப் போகிறவர்களுக்கென்று எளிய உடற்பயிற்சி வகுத்தார். ஹாட் யோகா என்பது 40 டிகிரி சூடாக்கிய ஹாலில் செய்வது. அதற்குக் கட்டணமும் உண்டு. அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஊர் வயலுக்கு வாருங்கள் சார், இலவசம்!

மிச்சம் பிலாட்டீஸ். ஜோசப் பிலாட்டீஸ் என்ற ஜெர்மன்காரர், 1883-ல் பிறந்தவர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷார் அவரைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். உள்ளே சும்மா இருக்காமல் கூட இருந்தவர்களுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். கட்டில் ஸ்பிரிங்கை வைத்தே கருவி செய்தார் என்றும் சொல்வார்கள். பிறகு நியூயார்க் போனார். டான்ஸ்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். 1945-ல் எழுதிய புத்தகத்தில் 34 பயிற்சிகள். வயிறு, இடுப்பு, முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள தசைகள்தான் குறி. அதில் சிலவற்றைப் பார்த்தால் நமக்குத் தெரிந்த முகமாக இருக்கும். 'ஸ்வான்' நம் புஜங்காசனத்தின் சாயல். 'ரோல் ஓவர்' ஏறக்குறைய ஹலாசனம், அதாவது கலப்பை. யோகாவில் மூச்சை மூக்கால் விடச் சொல்வார்கள், பிலாட்டீஸில் பெரும்பாலும் வாயால்.

இந்தப் பெயருக்கு டிரேட் மார்க் கேட்டு அமெரிக்காவில் வழக்கு நடந்தது. யோகா, கராத்தே மாதிரி அதுவும் பொதுப் பெயர்தான் என்று 2000-ல் நியூயார்க் கோர்ட் சொல்லிவிட்டது. முதலாளி இல்லாத சரக்கு!

இதையெல்லாம் எங்கள் பெரியம்மாவிடம் விளக்கினேன். அவருக்கு அறுபது தாண்டியாகிவிட்டது. இன்னமும் நடவுக்குப் போகிறார்.

"இன்னாடா அது பிலாட்டீசு... பண்ருட்டியில விக்கிற பலாவா?"

"இல்ல பெரியம்மா, உடற்பயிற்சி. குனியறது, நிமிர்றது..."

"நான் காலையிலேருந்து சேத்துல குனிஞ்சா அதுக்குப் பேரு கூலி வேலை. நீ ரூம்புல குனிஞ்சா யோகாவா? அதுக்குக் காசு வேற குடுக்கறியா?"

சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே எழுந்திருக்கும்போது இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

'உழைக்கிற உடம்புக்கு எக்சர்சைஸ் எதுக்கு?' என்று கிராமத்தில் எல்லோரும் கேட்பார்கள். கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது. நடவு என்பது ஒரே பக்கம் குனிவது. நாள் முழுக்க, வருஷக்கணக்காக. கணக்குப் புத்தகத்தில் டெபிட் பக்கம் மட்டும் எழுதிக்கொண்டே போனால் எப்படி டேலி ஆகும்? நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காருகிற என் மாதிரி ஆசாமிக்கும் இதே கதைதான். இடுப்பின் முன்பக்கம் இறுகுகிறது, வயிறு தளர்கிறது. இருவருக்கும் தேவை, நாள் முழுக்க எதைச் செய்யவில்லையோ அது. அதாவது கிரெடிட் என்ட்ரி!

எந்த பிராண்டில் போடுவது? முதுகுவலி ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்க்கிற காக்ரேன் அமைப்பின் முடிவுகள் சுவாரஸ்யம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு, சும்மா இருப்பதைவிட பிலாட்டீஸ் நல்லது, ஆனால் மற்ற உடற்பயிற்சிகளை மிஞ்சியது என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை என்றது 2015 தொகுப்பு. யோகாவும் கொஞ்சம் பலன் தருகிறது, மற்ற முதுகுப் பயிற்சிகளுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்றது 2022 தொகுப்பு. சிலருக்கு யோகாவில் வலி கூடியதும் உண்டு. ஆக, போட்டி மேட்ச் டிரா. தினம் கால் மணி நேரம் விடாமல் செய்கிறவர்தான் ஜெயிக்கிறார்.

பெரியம்மாவுக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்று. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை விட்டபடி இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்குவது. யோகாவில் சேது பந்தாசனம், பிலாட்டீஸில் பிரிட்ஜ். இரண்டுக்கும் அர்த்தம் பாலம்தான்.

"இதுக்கா இவ்ளோ பேரு?" என்றார்.

செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரத்தக் கொதிப்பு, கண்ணில் க்ளாக்கோமா இருப்பவர்கள் தலைகீழாக நிற்கும் ஆசனங்கள் பக்கம் போக வேண்டாம். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ முதலில் டாக்டர், பிறகுதான் ஆசனம். கர்ப்பிணிகள் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. டி.வி.யைப் பார்த்து மட்டும் கற்றுக்கொள்ளாமல், தெரிந்தவரிடம் நான்கு நாளாவது நேரில் கற்றுக்கொள்வது உத்தமம்.

மற்றபடி சிறப்புப் பாய், டைட் பேன்ட் எதுவும் கட்டாயமில்லை. கோரைப்பாய் இருந்தால் விரியுங்கள். ஜோசப் பிலாட்டீஸ் வந்து பில் கேட்கமாட்டார்!